ஒல்லி இலை உதிர்த்தது

அம்மா ஜப்பானுக்குப் போகக்கூடும் என்பது தனுஜாவுக்குப் பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது.

அன்று பள்ளி வேன் அவளையும் தம்பி ஜீவனையும் வழக்கம்போல் ஆர்கிட் பண்ணை வாசலில் இறக்கிவிட்டது. பண்ணை மலேசியாவின் ஈஜோக் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அம்மா உஷாராணிக்கு அங்கேதான் வேலை. அம்மாவின் வேலை முடியும்வரை பிள்ளைகள் இருவரும் அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். தனுஜா ஐந்தாம் ஆண்டு படித்தாள். ஜீவன் பாலர் பள்ளி. அவனுடைய வீட்டுப்பாடம் பெரும்பாலும் யானைக்கு வண்ணம் தீட்டுவதுதான்.

அம்மாவும் அவரோடு வேலை செய்யும் புனிதன் அண்ணனும் சிறு சிறு தொட்டிகளை ஒரு பழைய கன்டெய்னருக்குள் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஏற்றிப் போகும் லோரிகளில் இருக்குமே, அந்த மாதிரிக் குளிர் கன்டெய்னர். உள்ளே விளக்குகள் மாட்டித் தட்டுகள் அடுக்கியிருந்தார்கள். கதவில் சிறிய கண்ணாடி ஒன்று இருந்தது. ஜீவன் அதற்கு ‘ஐஸ் பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தான்.

“ஆர்கிட்டுக்கு எதுக்கும்மா ஐஸ் பெட்டி? அதுக்குச் சூடுதானே பிடிக்கும்?” என்று தனுஜா கேட்டாள்.

பதில் சொன்னவர் லோகேஸ்வரி அக்கா. செடிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கோலாலம்பூரிலிருந்து வாரம் இரண்டு முறை பண்ணைக்கு வருவார்.

“இது பூவுக்காக வளர்க்கிற ஆர்கிட் இல்லை, தனுஜா. மருந்துக்கு. தண்டைக் காய வச்சு, தண்ணியில கொதிக்க விட்டுக் குடிப்பாங்க. கோலா சிலாங்கூர்ல சீன மருந்துக் கடை இருக்கில்ல? அங்க கண்ணாடிப் புட்டியில சுருட்டிச் சுருட்டி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பே.”

தனுஜா பார்த்திருந்தாள். காய்ந்த புழு என்று நினைத்திருந்தாள்.

“ஜப்பானோட வடக்குப் பக்கம் ஹொக்கைடோன்னு ஒரு இடம். அங்க ஒருத்தர் பசுமைக்குடில் கட்டி இதை வளர்க்கப் போறார். கண்ணாடி வீடு மாதிரி. வெளியே பனி கொட்டும். உள்ளே கொஞ்சம் சூடு வைப்பாங்க. ஆனா நம்ம ஊர் அளவுக்குச் சூடு வைக்க முடியாது. அதனால குளிரைத் தாங்குற ரகமாப் பொறுக்கி நாம அனுப்பணும். இந்தப் பெட்டியில குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பார்ப்போம். எது நிக்குதோ அது போகும்.”

“செடி மட்டுமா போகும்?” என்று உள்ளேயிருந்து புனிதன் அண்ணன் குரல் கொடுத்தார். “வளர்த்த ஆளும் கூடப் போகணும் லா. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து சொல்லிக் கொடுக்கணும். உஷா அக்கா, நீங்க ஸ்வெட்டர் வாங்கியாச்சா?”

அம்மா அவரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். புனிதன் அண்ணன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதற்குள் தனுஜாவின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது.

அம்மா வளர்த்த ரகத்துக்குப் பண்ணையில் பெயர் இல்லை, ஓர் எண்தான் இருந்தது. அம்மா அதை ‘ஒல்லி’ என்று கூப்பிடுவார். மற்ற ரகங்களின் தண்டு விரல் பருமன் இருக்கும். ஒல்லியின் தண்டோ பென்சிலை விட மெலிசு. ஜீவன் பிறந்த வருடம் அம்மா இரண்டு வேறு வேறு செடிகளின் பூக்களைச் சேர்த்து, காய் பிடிக்கவைத்து, விதையிலிருந்து வளர்த்த செடி அது.

“உன் தம்பிக்கும் ஒல்லிக்கும் ஒரே வயசு,” என்று அம்மா சொல்வதுண்டு. “அவன் சாப்பிடுறான், இது சாப்பிட மாட்டேங்குது.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவே பேச்சை எடுத்தார். அப்பா சசிகுமார் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார்.

“அம்மா போறதா இருந்தா ஆறு மாசம். என்னைப் பகல் ஷிப்டுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். சமாளிச்சுக்கலாம்.”

“நீங்க சமைப்பீங்களாப்பா?” என்று ஜீவன் கேட்டான்.

“மெகி மீ நூடல்ஸ் செய்வேன்.”

“அப்புறம்?”

“முட்டை போட்ட மெகி மீ.”

ஜீவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா சிரித்தார். தனுஜா சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“இன்னும் ஒன்னும் முடிவாகலைம்மா,” என்றார் அம்மா அவளிடம். “ஒல்லி முதல்ல குளிரைத் தாங்கட்டும்.”

பினாங்கு, பத்துமலை இவற்றைத் தாண்டி அம்மா எங்கும் போனதில்லை. விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் தனுஜா ஒன்றைக் கவனித்தாள். தேங்காய் துருவும்போது அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் வரும் ஜப்பானியச் சொற்களைத் திருப்பிச் சொன்னார். “ஒஹாயோ கொசைமாஸ்.” துருவல். “ஒஹாயோ கொசைமாஸ்.” துருவல். பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போய், கம்பளிக் கோட்டு ஒன்றைக்கூட வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் நின்றார். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் உடனே கழற்றவில்லை.

தனுஜா கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். அப்போது அவள் மனதுக்குள் ஒன்று நினைத்தாள். ஒல்லி செத்துப் போகட்டும் என்று நினைத்தாள். ஒரே ஒரு முறைதான். நினைத்தவுடன் அவளுக்கே பயமாகிவிட்டது.

*

பெட்டிக்குள் குளிர் வாராவாரம் கூடியது. பதினைந்து பாகை செல்சியஸ், பிறகு பன்னிரண்டு, பிறகு பத்து. தினமும் பள்ளி விட்டு வந்ததும் தனுஜாவும் ஜீவனும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு புனிதன் அண்ணன் உள்ளே போய் வருவார். வெளியே வரும்போது அவர் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். அப்படியே தடவித் தடவி நடந்து வருவார். ஜீவனுக்கு அதைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்.

சில ரகங்கள் சீக்கிரமே கருத்துப் போயின. புனிதன் அண்ணன் வளர்த்த இரண்டு ரகங்கள் தடித்த இலைகளோடு அசையாமல் நின்றன.

எட்டுப் பாகைக்கு வந்த வாரம் ஒல்லியின் இலைகள் மஞ்சளாயின. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. அடுத்த வாரம் எல்லாத் தொட்டியிலும் வெறும் குச்சிகள்தான் இருந்தன. குச்சிகளும் வாடிச் சுருங்கியிருந்தன. கன்டெய்னரின் குளிர்க் குழாயிலிருந்து நீர் சொட்டிய மூலையில் இருந்தவை அழுகி, பழுப்பாகிக் குழைந்துபோயிருந்தன.

லோகேஸ்வரி அக்கா அவற்றை வெகுநேரம் பார்த்தார். அழுகிய ஒன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, இந்த ரகத்தை விட்டுறலாம். என்னை மன்னிச்சிருங்க. இது ஜெயிக்கணும்னு நானும் நினைச்சேன்.”

“உங்க மேல என்னம்மா தப்பு? செடிக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான்,” என்றார் அம்மா.

அம்மாவே தொட்டிகளை ஒரு தட்டில் அடுக்கினார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வர நேரமானது. வந்தபோது கையைக் கழுவிக்கொண்டு, “சரி, வீட்டுக்குப் போகலாம்,” என்றார்.

அம்மாவின் மோட்டார்சைக்கிளில் ஜீவன் முன்னால், தனுஜா பின்னால். அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு தனுஜா வீடு வரை வந்தாள். அம்மா எங்கேயும் போகப் போவதில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு செடியை அவளே கையால் பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது.

*

அம்மா அழவில்லை. யாரிடமும் கோபப்படவும் இல்லை. சமைத்தார், துணி துவைத்தார், ஜீவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தேங்காய் துருவும்போது மட்டும் போனைப் பக்கத்தில் வைக்கவில்லை. கம்பளிக் கோட்டு அலமாரியின் அடித் தட்டுக்குப் போனது.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

“அம்மா, தண்ணி,” என்றாள் தனுஜா.

“ஆமா,” என்று அம்மா குழாயை மூடினார்.

“உங்களுக்கு ஜப்பான் போகணும்னு ரொம்ப ஆசையாம்மா?”

அம்மா அரிசியைப் பானையில் போட்டார். “ஊர் பார்க்கணும்னு இல்லைடா. நான் பதினாலு வருசமா செடி வளர்க்கிறேன். யாராவது சொன்ன செடியைத்தான் வளர்த்திருக்கேன். ஒல்லி மட்டும்தான் நானா உண்டாக்கினது. அது எங்கேயாவது போய் நல்லா நிக்கும்னு நினைச்சேன்.” பிறகு பானையை அடுப்பில் வைத்தார். “பரவாயில்லை. நீங்க ரெண்டு பேரும் என் பக்கத்துலயே இருக்கீங்க. அது போதும்.”

கடைசியில் சொன்னதும் உண்மைதான் என்று தனுஜாவுக்குத் தெரிந்தது. முதலில் சொன்னதும் உண்மைதான் என்றும் தெரிந்தது.

*

அடுத்த திங்கட்கிழமை மதியம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பண்ணைப் பூனை ஜீவனின் வண்ணப் பென்சிலைத் தட்டிவிட, அது உருண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. அதை எடுக்கப் போன தனுஜா குப்பைக் குழிக்குப் பக்கத்தில் அந்தத் தட்டைப் பார்த்தாள்.

அம்மா அதைக் குழிக்குள் கொட்டவே இல்லை. கூரையின் ஓரத்தில், மழை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பாதித் தொட்டிகளில் ஒன்றுமே மிச்சமில்லை. மற்றவற்றில் குச்சிகள் நின்றன. தனுஜா ஒரு குச்சியைத் தொட்டாள். ஒடிந்து விழும் என்று நினைத்தாள். ஒடியவில்லை. வளைந்தது. அதன்மேல் காய்ந்த காகிதம் போலத் தோல் ஒன்று சுற்றியிருந்தது. நகத்தால் கீறியபோது அது உரிந்து வந்தது. அதற்கு அடியில் தண்டு பச்சையாக இருந்தது.

அவள் குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். தண்டின் கணுக்களில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருந்தன. அரிசி நுனி அளவுதான் இருக்கும். தொட்டியின் அடியிலிருந்து புதுத் தளிர் ஒன்றும் தலையை நீட்டியிருந்தது.

ஒல்லி சாகவில்லை.

“அக்கா, பென்சில் கிடைச்சுதா?” என்று ஜீவன் கத்தினான்.

தனுஜா உரித்த தோலை மறுபடி தண்டோடு ஒட்டிவைக்கப் பார்த்தாள். அது நிற்கவில்லை. பக்கத்தில் கிடந்த காலி உரச் சாக்கை எடுத்துத் தட்டின்மேல் போட்டாள். பென்சிலை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பாடத்தில் ஆசிரியர் கேட்ட கேள்வி அவள் காதில் விழவில்லை. புதன்கிழமை அவள் கொட்டகைக்குப் பின்னால் போகவில்லை. சாக்குக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் தளிர் வெளுத்துப் போகுமோ என்று மட்டும் அவளுக்குக் கவலையாக இருந்தது. ஆகவே வியாழக்கிழமை போய்ச் சாக்கை எடுத்துவிட்டாள். தளிர் வெளுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

கொட்டகைக்கு முன்புறத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஜப்பானுக்குப் போகும் செடிகளின் வேரை ஈரப் பாசியால் எப்படிச் சுற்ற வேண்டும் என்று, அவற்றோடு போகவிருந்த புனிதன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இறுக்கிச் சுத்தாதே தம்பி. அது மூச்சு விடணும். பாரு, இப்படி.”

“நீங்களும் வர்றதா இருந்தா எனக்குத் தைரியமா இருந்திருக்கும், அக்கா. எனக்குத் தெரியாததை அங்க யாருகிட்டக் கேப்பேன்?”

“போன் இருக்கில்ல. கேளு, சொல்றேன்.”

“நாளைக்கு லோகேஸ்வரி மேடம் ஜப்பானுக்கு முடிவை அனுப்பிடுவாங்க. அப்புறம் மாத்த முடியாது லா.”

“மாத்துறதுக்கு என்ன இருக்கு?” என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

அம்மா இல்லாத வீடு தனுஜாவின் கண்முன் தெரிந்தது. பள்ளி விட்டு வந்தால் பூட்டிய கதவு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் அப்பாவின் கனத்த கை. ஜீவனுக்குத் தூக்கம் வராத நாட்கள். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். அது கனமாக இருந்தது.

*

“அம்மா.”

அம்மா திரும்பினார். தட்டைப் பார்த்ததும் முகம் வாடியது. “அதை ஏன்டா எடுத்துட்டு வந்தே?”

“இது சாகலைம்மா.”

அம்மா கையிலிருந்த பாசியைக் கீழே வைத்தார். அருகே வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். தனுஜா தட்டைக் கீழே வைத்து, உரித்த இடத்தைக் காட்டினாள். கணுக்களைக் காட்டினாள். அடியில் இருந்த தளிரைக் காட்டினாள். அம்மா அந்தத் தளிரைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

“எப்படா பார்த்தே?”

“திங்கக்கிழமை.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். புனிதன் அண்ணனும் பார்த்தார். பிறகு அவர் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போல் எழுந்து தள்ளிப் போய்விட்டார்.

“இன்னைக்கு வியாழக்கிழமை,” என்றார் அம்மா.

“ஆமா.”

“சொல்லணும்னு தோணலையா?”

“தோணுச்சு. சொன்னா நீங்க போயிடுவீங்கன்னும் தோணுச்சு.” தனுஜா தளிரையே பார்த்தாள். “முதல்லயே ஒல்லி செத்துப் போகட்டும்னு நினைச்சிட்டேன்மா. நான் நினைச்சதாலதான் இப்படி ஆச்சோன்னு இருந்துச்சு.”

அம்மா மண் ஒட்டிய கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பள்ளிச் சட்டையில் மண் அப்பியது. இருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“நீ நினைச்சு செடி எல்லாம் சாகாதுடா,” என்றார் அம்மா. “அப்படின்னா நான் எத்தனை பூச்சியை நினைச்சே கொன்னிருப்பேன்.”

தனுஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

போன் செய்ததும் லோகேஸ்வரி அக்கா அன்று மாலையே வந்துவிட்டார். காரை நிறுத்தியவர் பையைக்கூட எடுக்கவில்லை. நேரே தட்டிடம் வந்தார். சிறிய கத்தியால் ஒரு தண்டின் நுனியைச் சீவினார். உள்ளே ஈரமாக, பச்சையாக இருந்தது. ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தூங்கியிருக்கு,” என்றார்.

“என்னது?” என்றான் ஜீவன்.

“குளிர் வந்தா இலையை எல்லாம் உதிர்த்துட்டுத் தூங்குற ஆர்கிட் உண்டு, ஜீவன். ஒல்லியோட தாய்ச் செடி அந்த மாதிரி மலைநாட்டுச் செடிதான். ஆனா ஒல்லி பிறந்து வளர்ந்ததெல்லாம் நம்ம வெயில்ல. ஒரு நாளும் அது இலையை உதிர்த்து நாங்க பார்த்ததில்லை. அழுகினதையும் இதையும் ஒன்னாப் பார்த்ததும் எல்லாமே போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்,” என்றார் அம்மா. “அப்ப அழுகினது?”

“தண்ணி சொட்டின மூலையில இருந்தது மட்டும்தான் அழுகியிருக்கு. தூங்குற செடிக்குத் தண்ணி ஆகாது.” லோகேஸ்வரி அக்கா தனுஜாவைப் பார்த்தார். “நல்லவேளை, நாளைக்கு நான் முடிவை அனுப்புறதுக்கு முன்னாடி சொன்னே. நான் ஜப்பானுக்குப் பேசுறேன். ஒல்லியை இன்னொரு தடவை சோதிக்கலாம். இந்தத் தடவை தண்ணி இல்லாம.”

அவர் போன் பேசி முடிக்கும்வரை அம்மா தனுஜாவின் கையை விடவில்லை. ஜப்பானில் இருந்தவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

பண்ணையில் வேறு இடத்தில் வைத்திருந்த ஒல்லித் தொட்டிகளை எடுத்து இரண்டாவது சோதனை நடந்தது. சொட்டும் குழாயைப் புனிதன் அண்ணன் சரிசெய்தார். தனுஜாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பெட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக ஜீவன். அவன் ஏற்கெனவே ஒரு தடவை, பாவம் தாகமாக இருக்கும் என்று சொல்லித் தன் தண்ணீர்ப் போத்தலோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினான்: ‘ஒல்லி தூங்குது. சத்தம் போடாதீங்க.’ அன்றிலிருந்து புனிதன் அண்ணன் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கால் விரல் நுனியில் நடந்தார்.

குளிர் கூடக் கூட இலைகள் மஞ்சளாகி விழுந்தன. இந்தத் தடவை யாரும் கலங்கவில்லை. ஒரு தண்டுகூட அழுகவில்லை. வெளியே எடுத்து வைத்துத் தண்ணீர் காட்டிய சில நாட்களில், கணுக்கள் எல்லாம் புடைக்கத் தொடங்கின.

லோகேஸ்வரி அக்கா ஒல்லியின் எண்ணையும் சேர்த்து முடிவை அனுப்பினார்.

*

அன்று மாலை அம்மா தனுஜாவை மட்டும் கூட்டிக்கொண்டு பண்ணையின் கடைசி வரிசை வரை நடந்தார்.

“ஒன்னு கேக்கிறேன், உண்மையைச் சொல்லணும்,” என்றார். “நான் போகட்டுமா?”

வரிசையின் முடிவில் செம்பனை மரங்கள் தொடங்கின. அங்கே ஒரு லோரி பழக்குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தனுஜா சொன்னாள்:

“போக வேணாம்னுதான் இருக்கும்மா.”

“ம்.”

“நீங்க போனதும் அழுவேன்னு நினைக்கிறேன்.”

“நானும்தான்.”

“ஆனா போங்கம்மா. ஒல்லி இலையை உதிர்த்தா அங்க இருக்கிறவங்க தூக்கிப் போட்டுருவாங்க. நீங்க இருந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும்.”

அம்மா அவள் தலையில் கையை வைத்தார். நெடுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

விமான நிலையத்தில் தனுஜா சொன்னபடியே அழுதாள். அம்மாவும் அழுதார். அப்பா யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். புனிதன் அண்ணன் தன் பெட்டியோடு தள்ளி நின்று, அவருடைய அம்மா கொடுத்த ஊறுகாய்ப் புட்டியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்று ஓர் அதிகாரி சொல்வதை வருத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் கடினமாக இருந்தது. ஜீவன் தினமும் அம்மாவின் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அப்பா முட்டை போட்ட மெகி மீயில் தொடங்கி, மெல்ல சாம்பாருக்கு முன்னேறினார். சாம்பாரில் உப்பு இல்லாத நாளும் இருந்தது, உப்பு மட்டுமே இருந்த நாளும் இருந்தது. தனுஜா கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ‘அம்மா’ என்று கூப்பிட வாயெடுத்து, பிறகு நிறுத்திக்கொண்டாள். சில நாட்கள் கழித்து அதுவும் பழகிப்போனது.

தினமும் காலையில் அம்மா பேசுவார். ஹொக்கைடோவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை போனில் அம்மாவின் முகத்துக்குப் பின்னால் சன்னல் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

“பனியாம்மா?” என்று ஜீவன் போனுக்குள் நுழைந்துவிடுவது போல் கிட்டே வந்தான்.

“பனிதான். ராத்திரி எல்லாம் கொட்டியிருக்கு. கதவைத் திறக்கவே கஷ்டப்பட்டோம். புனிதன் ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டான்.” அம்மா தனுஜாவைப் பார்த்தார். “தலையை யாரு பின்னினது?”

“அப்பா. வீடியோ பார்த்துப் பின்னினாரு.”

“ஒரு பக்கம் மேல போகுது, ஒரு பக்கம் கீழ வருது.”

“நேத்து ரெண்டும் ஒரே பக்கம் இருந்துச்சு. இன்னைக்குப் பரவாயில்லை.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா அடுப்படியிலிருந்து, “எல்லாம் கேக்குது,” என்றார்.

“ஒல்லி எப்படி இருக்கும்மா?” என்று தனுஜா கேட்டாள்.

“எல்லா இலையையும் கொட்டிட்டு நல்லாத் தூங்குது. இங்க வேலை செய்யுற அக்கா ஒருத்தங்க பயந்தே போயிட்டாங்க. எனக்குத்தான் பாஷை சரியா வராதே. ரெண்டு கையையும் கன்னத்துல வச்சுக் கண்ணை மூடிக் காட்டினேன். அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. இப்ப அவங்களும் உள்ள வந்தா மெதுவாத்தான் பேசுறாங்க.”

ஜீவன் பெருமையாகத் தலையாட்டினான்.

அம்மாவுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. அம்மா திரும்பி, அந்த மொழியில் பதில் சொன்னார். இரண்டு மூன்று சொற்கள்தான். ஆனால் அந்தப் பெண் அதைக் கேட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தனுஜா வீட்டில் பார்த்ததில்லை. அது நன்றாக இருந்தது.

அம்மா மறுபடி போனைப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நீ சொல்லு, பள்ளிக்கூடத்துல என்ன?”

வாசலில் பள்ளி வேன் ஹார்ன் அடித்தது. அங்கே அந்தப் பெண் இன்னும் கதவருகே காத்திருப்பது தெரிந்தது.

“சாயங்காலம் சொல்றேன்மா. உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. போயிட்டு வாங்க,” என்றாள் தனுஜா.

தம்பியின் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று முதலில் போனை வைத்தவள் தனுஜாதான்.